பனையைப் பாடுவோர் பருகுவது எதனை?

பனையைப் புகழாத மேடை எமது நாட்டில் இல்லை. தைப்பொங்கல் விழாவாயினும், சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவாயினும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தீவக ஊர்ச்சங்கங்கள் எடுக்கும் ஒன்றுகூடலாயினும், பேச எழுந்தவர் வாயிற் கற்பகதரு என்ற சொல் வந்தே தீரும். வேர் முதற் குருத்து வரை பயன்படும் மரம் என்பார், ஒடியலைச் சொல்வார், பனாட்டைச் சொல்வார், சற்றுத் துணிவு மிக்கவராயின் கள்ளையுஞ் சொல்லிக் கைதட்டு வாங்குவார். பேச்சு முடிகிறது; விருந்து தொடங்குகிறது. மண்டபத்தின் பின்புறத்தில் வைத்த பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து வெளிவருவது எது? பனையின் சாறா? இல்லை. ஆலையிற் காய்ச்சித் தகரத்திலும் போத்தலிலும் அடைத்த மலிவுப் பியர்!

கேலிக்காக இதனைக் கேட்கவில்லை. எம்மைச் சார்ந்த இயக்கத்தவரை விலக்கிவிட்டுப் பிறரை மட்டும் கேட்கவுமில்லை. குடியாதவர் குடியாதிருக்கட்டும், அவர்க்கு எமது வணக்கம். ஆனால் குடிப்பவர் எதனைக் குடிக்கிறார், அவர் கொடுக்கும் காசு எந்தக் கையைச் சென்றடைகிறது என்பது ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் பல குடும்பங்களின் உலை கொதிப்பதையும் கொதியாதிருப்பதையும் தீர்மானிக்கும் விடயம். இதைச் சுவை பற்றிய வீண்பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. பிரித்தானியாவிற் பெரும் மதுவாலைகள் ஒரேவிதமான பியரை ஊரெங்கும் நிரப்பியபோது, பழைய மரபில் மிடாவிலேயே புளித்து முதிரும் ஏல் என்ற பானத்தைக் காப்பதற்கென 1971இல் ஓர் இயக்கம் தோன்றிற்று. அமெரிக்காவிற் சான் பிரான்சிசுக்கோ நகரத்து ஆங்கர் என்னும் நொடிந்த மதுவாலையை 1965இல் ஓர் இளைஞர் வாங்கிப் புதுவாழ்வு கொடுத்தார். அதன் வழியிற் பின்னர் ஆயிரக்கணக்கான சிறுமதுவாலைகள் எழுந்தன. இத்தகைய கைவினைப் பியரின் அன்பர்கள் மலிவான ஆலைப் பியரைத் தொடுவார்களா என்று ஒருவர் கேட்டால், உண்மையான விடை, தாராளமாகத் தொடுவார்கள் என்பதே. வெயிலிற் புல்வெட்டிக் களைத்தவன் சிந்தனையின்றிப் பருகுவதற்கு ஏற்றதென்று, மென்மையான பியருக்குப் 'புல்வெட்டும் பியர்' என்றே அமெரிக்கர் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

ஏன் வேண்டியதில்லை? இங்கேதான் எம்மவர் கவனிக்கத் தவறும் செய்தி இருக்கிறது. அங்கே சிறியவனைக் காப்பாற்றியது குடிப்பவனின் கற்பன்று; சட்டம். 1976இல் அமெரிக்கக் காங்கிரசு சிறுமதுவாலைகளுக்கென மதுவரியைக் குறைத்தது. ஒரு பீப்பாவுக்கு 9 டொலர் என்றிருந்த வரி, சிறியோரின் முதல் 60,000 பீப்பாய்களுக்கு 7 டொலராயிற்று. வீட்டிலேயே பியர் வடிப்பதைக் குற்றமாக வைத்திருந்த விதியை 1978இல் நீக்கினார்கள். பிரித்தானியா 2002இற் சிறு உற்பத்தியாளருக்குப் பாதி வரி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சட்டம் சிறியவன் பக்கம் ஒரு விரல் நீட்டிய பின்பு, அன்பர் ஒருவர் வெயிலில் ஒரு மலிவுப் பியரைக் குடித்தால் எவர் வீட்டிலும் அடுப்பு அணையப் போவதில்லை.

எமது தீவுகளில் நிலைமை என்ன?

கள்ளின் இயல்பைச் சற்றே நோக்குவோம். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து பனையைப் பாடுவோர்க்கு அது மறந்திருக்கவுங் கூடும். சீவற்றொழிலாளி தளநாரைக் காலிற் பூட்டிக் காலையும் மாலையும் மரமேறுகிறான். பாளையைக் கட்டி, நாட்கணக்காகத் தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி முட்டியைக் கட்டுகிறான். முட்டிக்குட் சுண்ணாம்பு பூசினாற் கருப்பணி. பூசாதுவிட்டாற் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்களே சில மணி நேரத்திற் புளிக்கவைத்துக் கள்ளாக்கி விடும். மேலைநாட்டுக் கைவினைஞன் காட்டுநொதியத்தாற் புளித்தது என்று பெருமையோடு அச்சடித்துப் பன்மடங்கு விலைக்கு விற்கும் பானத்தின் வித்தை இதுவேயன்றோ? வீரியம் ஏறத்தாழ நூற்றுக்கு 4 முதல் 6 வரை. சாதாரண ஆலைப் பியரின் வீரியமும் அவ்வளவே. ஆனால் கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் இறக்கியது மறுநாட் புளிப்பேறிக் காடியை நோக்கிப் போய்விடும். ஆண்டில் ஏறத்தாழ அரைவாசிக் காலமே பனை சுரக்கும். எஞ்சிய காலத்திற்குத் தென்னையை நாடவேண்டும். நெடுந்தீவிலோ தென்னையினும் பனையே மிகுதி.

அந்த நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தாற் படகே இல்லை. வெயிலிற் குலுங்கி வரும் முட்டி கரைசேருமுன் பொங்கி வழியும். ஆகவே தீவிற் சுரந்த கள்ளைத் தீவிலேயே பருகியாக வேண்டும். பருகுவோர் எங்கே? 1990இலும் 1991இலும் நிகழ்ந்த படை நடவடிக்கைகளில் தீவுகள் வெறிச்சோடிப் போயின. போனவர்களிற் பெரும்பகுதியினர் இன்னும் திரும்பவில்லை. புங்குடுதீவில் வளவுகள் பல பற்றைக்காடாய்க் கிடக்கின்றன; பனைகள் மட்டும் நிற்கின்றன. இந்நிலையிற் குடிப்பவரின் எண்ணிக்கை குறைந்த ஊரிலே, எஞ்சியிருக்கும் சிலரும் போத்தற் பியரின் பக்கம் சாய்ந்தால் மரமேறுபவன் கதி என்ன?

போத்தற் பியர் எங்கிருந்து வருகிறது? 1881இல் நுவரெலியாவின் குளிரிலே தோன்றிப் பின்னர் பியகமவுக்குப் பெயர்ந்த லயன் ஆலையிலிருந்து பெரும்பாலும் வருகிறது. டென்மார்க்கின் கார்ள்ஸ்பேர்க் நிறுவனத்திற்கும் அதிற் பங்குண்டு. அந்நிறுவனத்தோடு எமக்குப் பகையில்லை. அதன் கறுத்த பியரை ஆங்கிலேய மதுநூலாசிரியர் மைக்கல் ஜாக்சன் உலகறியப் பாராட்டினார், நல்லது. ஆயினும் வாற்கோதுமை இந்நாட்டிற் பயிராவதன்று. அதன் முளைத்தானியமும் கொடிப்பூவும் கப்பலேறி வரவேண்டும்; அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி அவ்வாலைக்குள் வெள்ளம் புகுந்தபோது, உற்பத்தி மாதக்கணக்கிற் குலைந்து நாடு பியருக்குப் பிறநாட்டை நோக்கிற்று. தீவகத்துப் பனைக்கு அத்தகைய வெள்ளமும் இல்லை, வெளிநாட்டு முளைத்தானியமும் வேண்டாம். போர்க்காலத்திற் தென்னிலங்கைப் போத்தல்கள் அரிதாகியபோது எம்மவர் எதனைத் தேடிப் போனார்கள் என்பதை முதியவர்களைக் கேட்டறிக.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கள்ளை ஆளுவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். நூற்றாண்டு கடந்த அச்சட்டம் வெள்ளையர் காலத்து வருமானத்திற்காக எழுதப்பட்டது, மரமேறுபவனுக்காக அன்று. அதன் நோக்கிற் கள் என்பது மரத்தின் சாறு. புளித்ததும் அதில் அடங்கும், புளியாததும் அடங்கும். தன் வளவில் நிற்கும் தன் பனையிலிருந்து சாறிறக்க ஒருவன் அரசாங்கத்தின் தயவை நாடவேண்டும். 1970களிற் பழைய தவறணைக் குத்தகை முறை ஒழிந்து, தொழிலாளர் தாமே அங்கத்தவராகும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அது பெரிய முன்னேற்றம். குத்தகைக்காரனின் பிடியிலிருந்து தொழிலாளி விடுபட்டான். 1978இற் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. இவற்றையெல்லாம் நாம் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சிய கள்ளைச் சாராயமாக்கி நிலைநிறுத்த வேண்டிய வடமராட்சித் திக்கம் வடிசாலை போரினால் முடங்கியதையும், போர் முடிந்த பின்னரும் அதனை யார் நடத்துவது என்ற இழுபறி நீண்டதையும் நாடறியும். மிஞ்சும் கள்ளுக்கு வடிசாலை இல்லையென்றால் மிஞ்சுவது நிலத்திலேதான் ஊற்றப்படும்.

2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, வீரியம் மிக்க சாராயத்திலிருந்து வீரியம் குறைந்த மதுவுக்கு மக்களைத் திருப்பவேண்டும் என்ற நியாயத்தின்மேற் பியரின் வரியைக் குறைத்தார். பின்னர் வரிகள் பலமுறை உயர்ந்துவிட்டன. அது வேறு கதை. அந்த நியாயத்தை மட்டும் எடுத்துச் சீர்தூக்கிப் பாருங்கள். வீரியம் குறைந்த மது வேண்டுமாயின், அது இந்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ஏதோவொரு பனையினத்து மரத்தில் நாள்தோறும் சுரந்துகொண்டிருக்கிறதே! அதற்கென்று ஒரு வசனம் அந்த நியாயத்தில் ஏன் முதலிடம் பெறவில்லை? கொழும்பிலே வாதாட ஆலைக்கு ஆட்கள் உண்டு. முட்டிக்கு யார் உண்டு? மேலும், சந்தையில் நூற்றுக்கு 8.8 வீரியமுள்ள பியரும் விற்கிறது. கூலித்தொழிலாளி அதனை வாங்குவது சுவைக்காகவன்று. கொடுத்த காசுக்கு ஏறும் வெறிக்காக. அதையும் வீரியம் குறைந்த மது என்ற குடைக்குள் நிறுத்தினால் அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிலைக்கும்?

இதுவரை சொன்னவை பொருளாதாரம். சொல்லக் கூசுவதும் ஒன்றுண்டு. அதனைச் சொல்லாதுவிடின் எமது வாதம் பாதி உண்மையாகும். படித்த தமிழன் தவறணையைத் தவிர்த்துப் போத்தலை நாடுவதற்கு நாவின் சுவை மட்டுமா காரணம்? இல்லை. சாதியும் அதிற் கலந்திருக்கிறது. எவர் கையாற் சீவிய கள்ளை அந்திவேளையில் வேலிக்கு மறைவில் நின்று பிளாவில் வாங்கிப் பருகினார்களோ, அவர் பகலிலே தேநீர்க்கடை வாசலுக்கு வந்தபோது மற்றையோர்க்குக் கொடுத்த குவளையை அவர்க்குக் கொடுக்கவில்லை. போத்தலிலும் தகரப்பேணியிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருந்தும், 1966இலும் அதன் பின்னரும் தேநீர்க்கடைகளின் முன்னும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலும் போராடியே அந்த உரிமைகளைப் பெறவேண்டியிருந்தது. அன்று தேநீர்க்கடையிற் போத்தல் இழிவின் அடையாளம். இன்று விருந்து மேசையில் அதே போத்தல் கனவானின் அடையாளம்! ஆலைப் போத்தலில் எவருடைய கையும் தெரிவதில்லை. அதனாலேயே அது பலர்க்கு உவப்பாயிருக்கிறது. முட்டியிற் கை தெரிகிறது.

இப்பொழுது இன்னொரு புதுமை தோன்றியிருக்கிறது. கள் இயற்கை உணவு, குடலுக்கு நன்று, எமது பாரம்பரியம் என்று மெச்சும் புதிய அன்பர்கள் வந்திருக்கிறார்கள். விடுமுறையில் வந்து, ஒரு நாட்காலை மரத்தடியில் ஒரு பிளாக் கள் குடித்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். வரட்டும், மகிழ்ச்சி. அவர் ஊரில் நிற்கும் முப்பது நாளிற் கள்ளுக்கு ஒரு நாள், பியருக்கு இருபத்தொன்பது நாள் என்றால், அவருடைய அன்பினாற் சங்கக் கணக்கேட்டில் ஏறுவது ஒரு பிளாக் கள்ளின் விலை மட்டுமே. மேலைநாட்டு ஏல் அன்பர் மலிவுப் பியரைக் குடித்தாலும் வாரத்திற் சில மாலை தம் ஊர்ச் சாலையிற் காசு வைக்கிறார். இயக்கத்திற்குச் சந்தா கட்டுகிறார். பாராளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதுகிறார். எமது அன்பர் கவிதை எழுதுகிறார்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1983இல் அரசாங்கமே மதுவாணிபக் கழகம் நிறுவியது; 1987 சனவரி முதலாம் நாளிலிருந்து கள் அங்கே தடை; 2003 முதல் அரசாங்கமே சில்லறைக்கடை வைத்து ஆலைப் பியரையும் பிராந்தியையும் விற்கிறது. பனையைத் தன் அரசமரமென்று போற்றும் மாநிலத்திலே, பனையேறிக் கள்ளிறக்கியவன் குற்றவாளிக் கூண்டில். ஆலைச்சரக்கு விற்பவன் அரசாங்க ஊழியன்! கள்ளுக்கு விடுதலை கோரி நல்லசாமி அவர்களின் கள் இயக்கம் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறது. 2025 சூனிற் சீமான் தூத்துக்குடி மாவட்டத்திற் பனையேறிக் கள்ளிறக்கித் தடையை மீறிக் காட்டினார். அவருடைய அரசியலோடு எமக்கு எத்தனையோ பேதங்கள் உண்டு. ஆயினும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அண்டையிலுள்ள கேரளத்திலோ கள்ளுக்கடைகள் அனுமதியோடு நடக்கின்றன. அதனால் அம்மாநிலம் கடலில் மூழ்கிவிடவில்லை.

எமக்கு எதிராகச் சிலர் சொல்வர்: மது எதுவாயினும் மது, குடும்பங்களைக் கெடுப்பது, நீங்களோ கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குடியினாற் சீரழிந்த வீடுகளின் வழக்குகளை நீதிமன்றங்களிற் கண்டவர்கள் நாம். அடிபட்ட பெண்களின் வாக்குமூலத்தைக் கேட்டவர்கள். யாழ்ப்பாணத்து மதுவிலக்கு இயக்கத்தின் பெருமக்களை மதிக்கிறோம். நயினாதீவு போன்ற கோயிலூரிற் கள் பற்றிப் பேசவே சிலர் கூசுவர். அந்த உணர்ச்சிக்கும் மதிப்புண்டு. ஆனால் முறைப்பாடு எழும்போது மூடப்படுவது எது என்று கவனித்தீர்களா? ஓலைக்கொட்டிலில் இயங்கும் தவறணை கண்ணை உறுத்துகிறது. கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் கொண்ட மதுபானசாலை உறுத்துவதில்லை. மதுவிலக்கு வேண்டுமென்போர் இரண்டையும் மூடக் கேட்கட்டும், நாமும் சேர்ந்து கேட்கிறோம். ஒன்றை மூடி மற்றதைத் திறந்துவிடுவது மதுவிலக்கன்று; வியாபார உதவி.

இன்னும் சிலர், தவறணையிற் கலப்படம் என்பர். உண்மைதான்; சீனியும் நொதியமும் கலந்த போலிக்கள் இந்நாட்டின் பல பகுதிகளிற் பிடிபட்டிருக்கிறது. அதற்குத் தண்டனை கடுமையாகட்டும். போலிக்கள் பெருகினால் முதலில் நட்டமடைபவன் மரமேறி உண்மைக்கள் இறக்குபவனே. மரத்திலிருந்து விழுந்து மாண்டவர்களையும் முடமானவர்களையும் பற்றியும் பேசவேண்டும். தொழிலின் ஆபத்தைக் காட்டி, இது ஒழிந்தால் நல்லதென்று சிலர் கூறுவர். கடற்றொழிலும் ஆபத்தானது, மீன் வேண்டாமென்று எவரும் கூறவில்லையே! சீவற்றொழிலாளிக்கு ஒழுங்கான காப்புறுதியும் முதுமைக்கால உதவியும் கேட்பதே நேர்மை. தன் மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாமென்று ஒரு தகப்பன் நினைத்தால், அது அவனுடைய உரிமை. அவன் மகன் படித்து உயர்வதை நாம் விரும்புகிறோம். விரும்பி வருபவனுக்கு மதிப்பும் வருமானமும் இருக்கவேண்டும் என்பதே எமது வாதம்.

என்ன செய்யலாம்? 1912ஆம் ஆண்டுச் சட்டத்திற் புளியாத சாற்றைக் கள்ளின் கணக்கிலிருந்து அறவே பிரித்து, கருப்பணியும் பனங்கட்டியும் செய்பவனை மதுவரி உத்தியோகத்தரின் வாசலில் நிறுத்தாதிருக்க வேண்டும். வீரியத்தைக் கொண்டு வரி விதிப்பதாயின், அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்ததுபோல உற்பத்தியாளனின் பருமனையும் கொண்டு விதிக்கவேண்டும். நெடுந்தீவுக் கள்ளைச் சூடேற்றிப் போத்தலில் அடைத்துப் பாதுகாக்கும் வித்தை புதியதன்று. வடக்கின் சங்கங்கள் ஏற்கெனவே செய்து காட்டியதே. அதனைத் தீவிலேயே செய்ய ஒரு சிறுநிலையம் போதும். அப்போது கடல் குறுக்கே நிற்காது. புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கும் வளைவுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வரட்டும்.

கமக்காரரே, உமக்கும் ஒன்று. உமது வளவில் ஏறாப்பனை எத்தனை நிற்கிறது? பயனில்லை என்று அனுமதியின்றித் தறித்துச் சிலாகைக்கு விற்குமுன், அயலிலுள்ள சங்கத்திடம் கேட்டுப்பாரும். சீவக் கொடுத்தால் நிலக்குத்தகைபோல அதுவும் வருமானமே. வைத்தியரே, பொறியியலாளரே, சட்டத்தரணிகளே, உமது மகளின் திருமண விருந்திற் பியர் வைப்பீராயின் வையும். அதைத் தடுக்க எமக்கு அதிகாரமும் இல்லை, ஆசையும் இல்லை. அதன் பக்கத்தில் அவ்வூர்ச் சங்கத்தின் கள்ளும் இருக்கட்டும். அதுவும் பின்புறத்தில் அல்ல, மேசையின்மேல்.

தை மாதம் பிறந்தாற் பாளை வெளிவரத் தொடங்கும். அதற்கு முன்னதாக, தீவுப்பகுதிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மதுவரித் திணைக்களத்துக்கும் எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுக்கவேண்டிய மனுவை எழுதித்தர ஆயத்தமாயிருக்கிறோம். கையொப்பம் வாங்குவதற்கு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் அன்பர்கள் தேவை. பனையைப் பற்றி மேடையிற் பேசியவர்களின் வீட்டுக்கே முதலிற் போக எண்ணியுள்ளோம்.